மடங்கிய விரல்கள் நிமிர்ந்த கதை

1947ஆம் ஆண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு வேலூரிலிருந்து ஓர் அறுவை மருத்துவர் வந்தார். அழைத்து வந்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்த சிலரில் ஒருவர் அவர். தோல்நோய் வல்லுநர் என்பதால் வழிநெடுக அவர் தேமல்களைப் பற்றியும் தடிப்புகளைப் பற்றியும் விளக்கிக்கொண்டே போனார். வந்தவரின் கண்ணோ நோயாளிகளின் கைகளை விட்டு நகரவில்லை. வணக்கம் சொல்ல உயர்ந்த கைகளில் விரல்கள் உள்நோக்கி வளைந்து இறுகியிருந்தன. பலருக்கு விரல்களே குறைந்து போயிருந்தன.

அந்த மருத்துவர் பால் பிராண்ட். எலும்பு, மூட்டு, தசை எல்லாம் அவருடைய துறை. அப்படி மடங்கிய கையுள்ள ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலிழந்த கை, பிடி தளர்வாகத்தான் இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நோயாளியின் நகங்கள் அவர் சதையில் பதிந்தன. வலியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அழுகிவிட்டது, செத்துவிட்டது என்று ஊரும் உறவும் ஒதுக்கிய அந்தக் கைக்குள் வலுவான தசைகள் உயிரோடு இருந்தன.

இந்தக் கைகளை எந்த எலும்பு மருத்துவராவது ஆராய்ந்திருக்கிறாரா என்று காக்ரேனிடம் கேட்டார். எவரும் இல்லை என்று பதில் வந்தது. இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய கை கால்களுக்கு அறுவை மருத்துவர்கள் எத்தனையோ செய்துகொண்டிருந்த காலம் அது. தொழுநோயால் முடங்கியவர்களை மட்டும் அவர்கள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கை அறுவைச் சிகிச்சையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு உரிய அத்தியாயம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

பிராண்ட் இந்த மண்ணில் பிறந்தவர். 1914இல் மிஷனரிப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்து, கொல்லிமலையில் தமிழ் பேசி வளர்ந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மலைவாழ் மக்களுக்கு வைத்தியம் பார்ப்பார். யாருடைய புண்ணையும் வெறுங்கையால் தொடும் அவர், ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வந்தபோது மட்டும் கையுறை மாட்டிக்கொண்டதைச் சிறுவனாக இருந்த பால் பார்த்தார். பிற்பாடு இங்கிலாந்தில் படித்தவர், உடனே மருத்துவத்துக்குப் போகவில்லை. சில ஆண்டுகள் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். அந்தப் பயிற்சி வேலூரில் எப்படியெல்லாம் கைகொடுத்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம். லண்டனில் மருத்துவம் முடித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மனைவி மார்கரெட்டும் மருத்துவர்தான். தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பாற்றுவதைப் பின்னாளில் அவர் தம் பணியாக ஏற்றார்.

அன்றைய சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். சல்ஃபோன் மருந்துகள் அப்போதுதான் வந்திருந்தன. காக்ரேன் அவற்றைச் செங்கல்பட்டில் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமி அடங்கும், நோய் நிற்கும் என்ற நம்பிக்கை முதல்முறையாகப் பிறந்திருந்தது. ஆனால் நோய் நின்றவர் வீட்டுக்குப் போக முடியவில்லை. கிருமி இல்லை என்று மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழை ஊர் படிக்காது, கையைத்தான் பார்க்கும். விரல் மடங்கியிருந்தால் அவர் நோயாளிதான். மருந்து பாதி வேலையைத்தான் செய்தது. மீதிப் பாதியைச் செய்ய ஆளில்லை.

பிராண்ட் அந்த வேலையைக் கத்தியை எடுத்துத் தொடங்கவில்லை. முதலில் கணக்கெடுத்தார். நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்துக்கொண்டே போனார். குறிப்புகள் சேரச் சேர ஓர் ஒழுங்கு புலப்பட்டது. சுண்டுவிரல் பக்கத்துச் சிறுதசைகள்தாம் பெரும்பாலும் முதலில் போகின்றன. கட்டைவிரலைக் குறுக்கே கொண்டுவரும் தசைகள் அடுத்து. ஆனால் முழங்கைக்குக் கீழே, முன்கையின் புடைப்பில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் கெடாமல் வலுவோடு இருக்கின்றன. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளுக்கோ அநேகமாக ஒன்றுமே ஆவதில்லை.

ஏன் இப்படி? உயிரோடிருப்பவரின் நரம்பை முழங்கையிலிருந்து விரல்வரை திறந்து பார்க்க முடியாது. செங்கல்பட்டில் ஒரு நோயாளி இறந்து, பரிசோதனைக்கு உடல் கிடைத்தபோது பிராண்டும் ஓர் உதவியாளரும் இரவோடு இரவாக உட்கார்ந்து கை கால்களின் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்தெடுத்தார்கள். விடை அங்கே கிடந்தது. நரம்பு எல்லா இடத்திலும் கெடவில்லை. முழங்கையின் உட்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேல், முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் என்று குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வீங்கித் தடித்திருந்தது. எல்லாமே நரம்பு தோலை ஒட்டி மேலாக ஓடும் இடங்கள், உடலில் குளிர்ச்சியான இடங்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடந்தான் பிடிக்கும். முழங்கையில் எங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஏறுமோ, அந்த இடத்தில்தான் அல்நார் நரம்பு வீங்கியிருந்தது.

இதன் பொருள் பெரிது. வீக்கத்துக்கு மேலேயே நரம்பிலிருந்து கிளை வாங்கிக்கொண்ட தசைகளுக்கு ஆபத்தில்லை. வீக்கத்தைத் தாண்டிக் கிளை வாங்கும் தசைகள் செயலிழக்கின்றன. ஆகவே எந்தத் தசை போகும், எது என்றைக்கும் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்று எடுத்து வைக்கும் தசை நாளை நோயில் போய்விடுமோ என்ற பயம் அறுவை மருத்துவருக்கு வேண்டாம்.

விரல் ஏன் மடங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விரல்களுக்குள் பெரிய தசை எதுவும் கிடையாது. முன்கையில் இருக்கும் தசைகள் நீண்ட தசைநாண்களை அனுப்பி, பொம்மலாட்டக்காரர் கயிற்றை இழுப்பதுபோல், விரல் நுனிகளை மடக்கவும் நிமிர்த்தவும் செய்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ளங்கைக்குள் சிறுதசைகள் உண்டு. விரலின் அடிமூட்டை மடக்கி, அதே நேரத்தில் நடு மூட்டையும் நுனி மூட்டையும் நேராக வைப்பது அவற்றின் வேலை. சோற்றைப் பிசைந்து கவளமாக எடுக்கும்போது நம் விரல்கள் நிற்கும் நிலை அதுதான். அந்தச் சிறுதசைகள் போய்விட்டால் அடிமூட்டு பின்னோக்கிச் சாய்கிறது, நுனி மூட்டுகள் உள்ளே சுருள்கின்றன. பிடிக்கப் போன பொருளை விரல் வளைத்துக்கொள்ளாமல் நுனியால் வெளியே தள்ளிவிடுகிறது. பிடியில் வலு இருந்தும் டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது, சாதத்தைக் கையால் எடுத்துச் சாப்பிட முடியாது. நம் ஊரில் கையால் சாப்பிட முடியாமல் போவது எவ்வளவு பெரிய அவமானம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழி ஓரளவு தெரிந்ததுதான். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னெல் கை அறுவை பற்றி எழுதிய பெரிய நூல் 1944இல் வெளிவந்திருந்தது. ஒவ்வொரு விரலையும் மடக்க மேலொன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. மேலே இருப்பதை அதன் இடத்திலிருந்து விடுவித்து, விரலின் பக்கவாட்டில் தைத்துவிட்டால், செயலிழந்த சிறுதசையின் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். நரம்பு அறுந்த கைகளில் இந்த முறை பயன்பட்டுக்கொண்டிருந்தது. தொழுநோய்க் கையில் செய்து பார்க்கத்தான் துணிவில்லை. அந்தச் சதை கெட்ட சதை, வெட்டினால் புண் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே தொழுநோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நடக்க வைத்துக்கொண்டே ஆற்றிக்காட்டினார். காலை அசையாமல் காப்பாற்றினால் புண் ஆறும், அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஆறாது என்பதே அதன் பாடம். பிராண்டும் இதைத் தம் நோயாளிகளிடம் கண்டார்.

1948இல் வேலூரில் முதல் அறுவை நடந்தது. வந்தவர் ஓர் இளைஞர். படித்தவர், பல மொழிகள் பேசுவார், ஆனால் பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கையும் காலும் அத்தனை மோசமாக இருந்தன. அவரிடம் வாக்குறுதி எதுவும் தரவில்லை, செய்து பார்க்கிறோம் என்றார்கள். அவருக்கும் இழப்பதற்கு ஏதும் மிச்சமில்லை. பொது வார்டில் தொழுநோயாளியைப் படுக்கவைத்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் மருத்துவமனையில் பலருக்கு இருந்தது. அதனால் கைகளுக்கான ஆய்வுப் பிரிவு மதிலோரம் மண்சுவர் வைத்த ஓர் அறையில் தொடங்கியது. புண் ஆறியது. விரல் நிமிர்ந்தது. பல மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அறுவைகள் செய்தபின், அந்த இளைஞர் சோற்றை உருட்டித் தம் கையாலேயே வாயில் வைக்கும் நிலைக்கு வந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கத்தி செய்தது பாதிக்கும் குறைவு.

தசைநாணை இடம் மாற்றித் தைத்தபின் சுமார் 3 வாரம் கை மாவுக்கட்டில் இருக்கும். அடிமூட்டு மடங்கி, விரல்கள் நேராக நிற்கும் நிலையில் கட்டுவார்கள். தையல் பிடிக்க அந்தக் காலம் வேண்டும். கட்டைப் பிரித்த அன்று நோயாளி முதலில் காண்பது ஏமாற்றம்தான். விரல் நேராக இருக்கிறது, ஆனால் அசையவில்லை. ஏனென்றால் மூளைக்குச் செய்தி போகவில்லை. இந்தத் தசை இதுவரை வேறு வேலை செய்துகொண்டிருந்தது, இனி புது வேலை என்பதை அந்த மனிதர் தம் மூளைக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கட்டைவிரலுக்கு மோதிரவிரலின் தசைநாணைக் கொடுத்திருந்தால், பிசியோதெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து, “மோதிரவிரலை மடக்குங்க” என்பார். மடக்க முயன்றால் கட்டைவிரல் அசையும். நோயாளி திகைத்துப் பார்ப்பார். மறுபடியும், மறுபடியும். சில வாரங்களில் மோதிரவிரலின் நினைப்பே இல்லாமல் கட்டைவிரல் கட்டைவிரலாகவே அசையத் தொடங்கும். இடையில் விறைப்பைத் தளர்த்த உருக்கிய மெழுகில் கையை முக்குவது, எண்ணெய் தேய்த்து நீவுவது, இரவில் ஸ்ப்ளிண்ட் கட்டுவது எல்லாம் உண்டு. அறுவைக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடும். விறைத்துப்போன மூட்டை இளக்காமல் புதிய தசைநாணைக் கொடுத்து ஒரு பயனுமில்லை.

இந்தப் பயிற்சிப் பணியை வேலூரில் கட்டி எழுப்பியவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். சீனாவில் பணியாற்றிவிட்டு, அங்கிருந்து வெளியேற நேர்ந்து, வேலூர் வந்தவர். அறுவை மருத்துவரின் பெயருக்கு முன்னால் இவரைப் போன்றவர்களுடைய பெயர்கள் மங்கிப்போவது எனக்கு வருத்தந்தான். கட்டுப் பிரித்தபின் உள்ள அந்த வாரங்களில் தவறினால் அறுவை முழுவதுமே வீண்.

பன்னெலின் முறையிலும் ஒரு குறை தெரியவந்தது. நம் மக்களின் விரல்கள் வளையும் தன்மை மிகுந்தவை. மடக்கும் தசைநாணை எடுத்துவிட்ட விரல்கள் சிலருக்கு நாளடைவில் எதிர்ப்பக்கமாக வளைந்து, நடு மூட்டை மடக்க முடியாமல் நின்றன. பிராண்ட் விரல்களின் தசைநாண்களைத் தொடுவதை விட்டு, மணிக்கட்டைப் பார்த்தார். மணிக்கட்டை நிமிர்த்த 3 தசைகள் இருக்கின்றன. தொழுநோய் அவற்றை அநேகமாகத் தொடுவதில்லை. அவற்றில் ஒன்றை எடுத்தால் மணிக்கட்டுக்குக் குறை வராது. ஆனால் அதன் நாண் விரல்வரை எட்டாது. எனவே கெண்டைக்காலில் இருந்து மெல்லிய ஒரு நாணை எடுத்தார். அதை இழந்தால் காலுக்கு நஷ்டமில்லை, சிலருக்கு அது பிறவியிலேயே இருப்பதுமில்லை. அந்த நாணை 4 வால்களாகப் பிளந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றாகக் கொடுத்தார். ஒரே தசை, 4 விரல்கள். இன்றும் இந்த முறை பிராண்டின் பெயராலேயே வழங்குகிறது. வேலூர் அனுபவத்தை அவர் 1952இல் லண்டன் அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் ஹண்டேரியன் சொற்பொழிவாக ஆற்றினார்.

விரல் நிமிர்ந்து வீடு போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், இளைத்துப்போய். இந்தக் கை பிச்சைக்கு உதவாத கை என்றார்கள். மடங்கிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்ட ஊர், நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. முகத்திலும் தோலிலும் இருந்த தழும்பைப் பார்த்து வேலையும் கொடுக்கவில்லை, வாடகைக்கு வீடும் கொடுக்கவில்லை. அறுவை அவர்களுடைய ஒரே வருமானத்தையும் பறித்திருந்தது. மருத்துவம் தன் கடமை முடிந்ததென்று கைகழுவியிருக்கலாம். வேலூரில் அப்படி நடக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை மேலும் தொடர்கிறது.

வேலூர் பாகாயத்தில், கல்லூரி வளாகத்திலேயே, நவஜீவ நிலையம் பிறந்தது. வயதான மிஷனரி அம்மையார் ஒருவர் தந்த பணம் முதலாயிற்று. மண்குடிசைகள், நடுவே ஒரு பட்டறை. அங்கே பிராண்டின் பழைய தச்சுக் கல்வி பயன்பட்டது. அறுவை முடிந்தவர்களுக்கு இழைப்புளியும் ரம்பமும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள். கை பழக வேலை வேண்டும், வயிற்றுக்கு வேலை வேண்டும், இரண்டும் ஒரே பட்டறையில் நடந்தது.

தொழுநோய் பற்றிய அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பும் அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் விளைந்தது. விரல்கள் குறைந்து தேய்வது நோய் தின்பதால் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவரால் முடியாததைச் சிறுவனால் செய்ய முடிந்தது வலி அவனைத் தடுக்காததால்தான். அதன்பின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியவர், விளக்கின் சூட்டில் விரல் பட்டதை அறியாதவர், சுத்தியலின் பிளவுபட்ட பிடியை அழுத்தியவர். இரவில் முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்குக் காரணம் தெரியாமல், ஒருவர் விழித்திருந்து காவல் காத்தார். எலி கடித்துக்கொண்டிருந்தது. தூங்கியவருக்கு வலிக்கவில்லை. பிறகு வீடு திரும்பியவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

சதை அழுகவில்லை. வலி என்ற காவல்காரன் இல்லாததால் தினமும் அடிபட்டு, அடிபட்டது தெரியாமல் மீண்டும் அதே இடத்தில் அடிபட்டுத் தேய்ந்தது. இது தெரிந்தபின் கருவிகளின் பிடிகள் தடிமனாக, வழவழப்பாக மாறின. தினமும் கையையும் காலையும் கண்ணால் சோதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அறுவை விரலை நிமிர்த்தித் தரும், உணர்ச்சியைத் திருப்பித் தராது. நிமிர்ந்த விரலைக் காப்பாற்ற வேண்டியது அந்த மனிதரின் கண்கள்தாம். விரலை நிமிர்த்திய அறுவையைவிட இந்தப் பாடம் அதிகம் விரல்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

வேலூரில் அறுவை கற்றவர்களில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேரி வர்கீஸ், கல்லூரியின் இளம் மருத்துவர். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நின்று அறுவை செய்ய முடியாத அவருக்கு, உட்கார்ந்தே செய்யக்கூடியதாகக் கை அறுவை இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கால் அசையாத மருத்துவர் தம் கையைப் பிடித்து “மடக்குங்க” என்று சொல்லும்போது, எதிரே இருந்த நோயாளிக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்!

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷீஃபலின் மருத்துவமனை இந்தப் பணியின் அடுத்த வீடாயிற்று. பிராண்டின் மாணவர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி அங்கே தலைமை ஏற்று, தொழுநோய் மறுசீரமைப்பு அறுவைக்கான நூலை எழுதினார். பொட்டல் வெளியாக இருந்த வளாகத்தில் மரம் வளர்த்தவரும் அவரே. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி இழந்தவர்களுக்கும் வேலூர்ப் பாடம் அங்கே பயன்பட்டது. 2003இல் காலமானார்.

கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தவர், விபத்தில் கை நரம்பு நசுங்கியவர் ஆகியோருக்கும் அதே தசைநாண் மாற்றம் இன்று நடக்கிறது. தொழுநோயும் தீர்ந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். உணர்ச்சியில்லாத தேமல், சுண்டுவிரல் பக்கத்து மரத்துப்போதல், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்ல மடங்கத் தொடங்குதல் இவற்றில் எது தெரிந்தாலும் நாள் கடத்தாமல் போக வேண்டும். நரம்பு கெட்டு 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் பலருக்கு வலு திரும்பும், அறுவைக்கே தேவை வராது. விரல் மடங்கி ஆண்டுகள் ஆனவர்களுக்கு, கூட்டு மருந்தை முடித்து நோய் அடங்கியிருந்தால், அறுவையும் அதற்குப் பிந்தைய பிசியோதெரபியும் அரசுத் திட்டத்திலேயே செய்யப்படுகின்றன. மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் இழக்கும் கூலிக்கு ஈடாக உதவித்தொகையும் உண்டு. பிச்சைக்கு உதவாத கையோடு திரும்பி வந்தவர்கள் அன்று கேட்டது இதைத்தான்.